பிரிக்காத பொட்டலம்

நான் டீ குடிப்பதில்லை. நீங்கள் குடியுங்கள், மருமகள் போட்டு வைத்திருக்கிறாள், ஆறிவிடும். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன் டீ குடிக்காமல் இருப்பானா என்று கேட்பார்கள். ஃபேக்டரித் தரையில் சிந்தியதைக் கூட்டி அள்ளுகிறவர்களின் காலைப் பார்த்தவன் குடிக்கமாட்டான். நல்ல தூள் கப்பலுக்குப் போகும், கூட்டி அள்ளியது நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரும். அதை ஊதி ஊதிக் குடித்துவிட்டு என்ன மணம் என்று மெச்சிக்கொள்வார்கள். எங்கள் சனங்களைப் பற்றி எனக்குள்ள அபிப்பிராயம் அங்கேயே ஆரம்பிக்கிறது.

ரஞ்சிதம் சொல்லித்தானே வந்திருக்கிறீர்கள். கம்போங் ராஜாவில் யாரோ ஒருவருடைய முட்டைக்கோஸ் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கப் போவதில்லை. இத்தனை வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்ட ஆள் நீங்கள்தான். அதற்காகச் சொல்கிறேன்.

என் பெயர் ரெங்கசாமி. படிப்பு என்று பெரிதாக இல்லை. சரிவில் வாய்க்கால் வெட்டும் ஆள்களுக்குக் கங்காணியாக இருந்தேன். மழைத்தண்ணீர் தேயிலையின் வேரை அரித்துக்கொண்டு போகாதபடி மலைக்குக் குறுக்கே வெட்டி, மெல்ல ஓரமாக இறக்கிவிடும் வாய்க்கால்கள். வெள்ளைக்காரத் துரை காலத்திலிருந்தே வெட்டினேன். எந்த இடத்தில் ஊற்று இருக்கிறது, எந்த மண் தண்ணீர் குடித்தால் கூழாகும் என்பதெல்லாம் என் கால் சொல்லும்.

தோட்டத்தில் இரண்டு லயம். மேல் லயம் அம்மன் கோயிலை ஒட்டி மேட்டில். கீழ் லயம் சரிவின் அடியில். கீழ் லயத்தின் கோடியில் ஆயாக் கொட்டகை. தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள், அம்மாக்கண்ணு கிழவி பார்த்துக்கொள்வாள். என் வீடு மேல் லயத்தில். கங்காணி வீடு என்பதால் மற்ற வீடுகளைவிட ஓர் அறை கூடுதல்.

பெண்டாட்டியை அடித்தவன், கோழி திருடியவன், கல்யாணத்துக்கு நாள் பார்ப்பவன், எல்லாரும் என் வாசலுக்குத்தான் வருவார்கள். நான் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. யாரையும் கை தூக்கச் சொன்னதில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் சிவசாமி வந்தான். சங்கத்து ஆள். ஒரு காலத்தில் கீழே பேராக் பக்கம் ஏதோ ஒரு டவுன் சபையில் ஓட்டு வாங்கி உட்கார்ந்திருந்தவனாம். பிறகு டவுன் சபைக்கு ஓட்டுப் போடுவதையே அரசாங்கம் எடுத்துவிட்டது. உட்கார நாற்காலி இல்லாமல் போன மனுசன், மோட்டாரில் மலை ஏறி வந்து எங்களுக்கு ஓட்டுச் சொல்லிக் கொடுத்தான். தோட்டத்துக்கு ஒரு தலைவரை நீங்களே தேர்ந்தெடுங்கள், துரையிடம் அந்த ஆள் போய்ப் பேசட்டும், மாதா மாதம் கோயில் மண்டபத்தில் கூட்டம் போடுங்கள், வாய் திறக்காதவர்களையும் பேச வையுங்கள் என்றான்.

கோயில் பண்டாரம் பக்கிரிசாமி கேட்டான், "டவுன்லயே ஓட்டு கிடையாதாம். லயத்துல என்ன ஓட்டு லா?"

"அங்க இல்லாததாலதாண்ணே இங்க வேணும்," என்றான் சிவசாமி. "நம்ம வாசல்ல பழகிக்கிட்டாத்தான் என்னைக்காவது அங்க போய்க் கேக்க வாய் வரும்."

கைதட்டினார்கள். பிறகு கை தூக்கினார்கள். நான் போர்வைக்குள் கையை வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள், மூக்கைச் சிந்திவிட்டுத் துடைக்காத விரல்கள். லயத்துக் கக்கூஸ் கழுவும் சுப்பன், சம்சுச் சாராயம் குடித்த நடுக்கத்தோடு கையை உயர்த்தினான். அவன் கையும் ஒன்று, என் கையும் ஒன்று என்று சிவசாமி எண்ணினான். அன்று தலைவியாக வந்தவள்தான் ரஞ்சிதம். கீழ் லயம், கொழுந்து பறிப்பவள், புருஷன் செத்தவள், செல்லம் என்று ஒரு சின்னப் பெண்பிள்ளை.

அவள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். குழாய் வந்தது. கக்கூஸுக்குக் கதவு வந்தது. கோத்தோங் ரோயோங், ஊர் கூடிச் செய்கிற வேலை என்று எல்லாரையும் இழுத்துக்கொண்டு போய் லயத்துச் சாக்கடையைச் சுத்தம் செய்தாள். துரையைப் பார்க்கப் போகுமுன் என்ன சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று சிவசாமி அவளுக்குப் பாடம் நடத்துவான். அவளும் படிப்பாள். போய்ப் பேசிவிட்டு வந்து, துரை சொன்னதைக் கூட்டத்தில் ஒன்று விடாமல் ஒப்பிப்பாள். என் வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். அதில் எனக்கு வருத்தம் என்று நினைக்காதீர்கள். நிம்மதியாகத்தான் இருந்தது.

அந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. ஒருநாள் வேலை விட்டதும், கூடையைக்கூட இறக்காமல் ரஞ்சிதம் என் வீட்டுக்கு வந்தாள்.

"கங்காணியாரே, எங்க லயத்துக்கு மேல, வேலி ஓரமா நிலம் வாயைப் பொளந்துகிட்டு நிக்குது. கைய விட்டா முழங்கை வரைக்கும் போகுது. செடியெல்லாம் குடிச்சவன் மாதிரி சாஞ்சிருக்கு. நீங்க மலை தெரிஞ்சவரு. கூட்டத்துல வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா சனம் கேக்கும்."

"ஓட்டு வாங்கினது நீயா நானா?"

"நான்தான். அதனாலதான் உங்க வாசல்ல வந்து நிக்கிறேன்."

"பாப்போம்," என்றேன்.

மறுநாள் ஏறிப் போய்ப் பார்த்தேன். பிளவு அவள் சொன்னதைவிடப் பெரிது. அதுகூடப் பரவாயில்லை. பாறை இடுக்கில் வருஷம் முழுக்க வழிகிற ஊற்று ஒன்று உண்டு. அந்த மழையில் அது பொங்கியிருக்க வேண்டும், வற்றிக் கிடந்தது. தண்ணீர் வெளியே வரவில்லை என்றால் உள்ளே தேங்குகிறது என்று அர்த்தம். இறங்கி வந்துவிட்டேன். கீழ் லயத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு மாட்டுக்கொட்டகை இருந்தது. சேற்றில் நின்றால் மாட்டுக்குக் குளம்பு அழுகும் என்று சொல்லி, மாட்டை ஓட்டிக்கொண்டு வந்து என் வீட்டுப் பின்சாய்ப்பில் கட்டினேன்.

கூட்டம் நடந்தது. பேசுமுன்னே ரஞ்சிதம் என்னைத்தான் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். மழை நின்றதும் பார்க்கலாம் என்று துரை சொன்னதாக ஆபீஸ் கிராணி சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்லிவிட்டு அவள், "மழை நிக்கிற வரைக்கும் மலை நிக்குமான்னு தொர சொல்லல. நாமளே பாத்துக்குவோம். மேல் லயத்துல வீட்டுக்கு ஒரு குடும்பம் ஏறிக்கட்டும். பிள்ளைங்களை இந்த மண்டபத்துல வெச்சிக்கலாம். மழை போனதும் எறங்கிடுவோம்," என்றாள்.

மேல் லயத்துத் தங்கம்மா சொன்னாள், "எங்க வீட்ல இப்பவே ஒருத்தர் காலை ஒருத்தர் மிதிச்சிக்கிட்டுத்தான் தூங்குறோம். இன்னும் நாலு காலு வந்தா என்னாத்த கெட்டுப்போவுது. வாங்க."

சிரித்தார்கள். கை தூக்கச் சொன்னார்கள். மண்டபம் முழுக்கக் கைதான். சிவசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். ஆளுக்கொரு பிரசங்கம் செய்யாமல் அத்தனை பேரும் ஒரே முடிவுக்கு வந்ததை அவன் அவ்வளவு வருஷத்தில் பார்த்ததில்லையாம்.

பிறகு யார் வீட்டுக்கு யார் என்று பிரித்தாள். "கங்காணியார் வீட்ல ஒரு ரூம்பு கூட இருக்கு. சுப்பன் குடும்பம் பெரிசு. அங்க இருக்கட்டும்."

சுப்பன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட்டான். "ஒரு மூலை போதுங்கய்யா. எம் பொண்டாட்டி மணியம்மா உள்ள சமைக்க மாட்டா. வெளிய அடுப்பு வெச்சிக்குவோம்."

அவர்கள் என்ன சாதி என்று நான் சொல்லப் போவதில்லை. இப்போது அதெல்லாம் பேசக்கூடாது என்கிறார்கள். மணியம்மாவுக்கு விடாத இருமல், காறிக் காறித் துப்புவாள். பிள்ளைகளுக்குத் தலை முழுக்கச் சிரங்கு. அவர்கள் என் பானையில் தண்ணீர் மொள்வதை, என் சாமிப் படத்துக்கு எதிரே கால் நீட்டிப் படுப்பதை நினைத்துப் பார்த்தேன். வாய்க்குள் எச்சில் ஊறியது, விழுங்க முடியவில்லை. இது எப்படிப்பட்ட உணர்ச்சி என்று உங்களுக்குப் புரியும். உங்கள் வீட்டிலும் யாரையாவது வாசலோடு நிறுத்துவீர்கள்.

அப்போதுதான் நான் முதல்முறையாகக் கூட்டத்தில் வாய் திறந்தேன். "எல்லாரும் கை தூக்கினீங்க. சரி. அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அம்மனைக் கேட்க வேண்டாம் என்று எவன் சொல்வான்.

பூக் கேட்பது எங்கள் கோயிலில் பழைய வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனி இலையில் வெளியே தெரியாமல் பொட்டலமாகக் கட்டி, அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார்கள். விவரம் தெரியாத பிள்ளை ஒன்று வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிடுவார்கள். அதைப் பிரித்துப் பார்ப்பது அம்மனைச் சோதிப்பது போல. திரைக்கு உள்ளே உட்கார்ந்து பொட்டலம் கட்டுவது தோட்டத்தில் மூத்த ஆண்பிள்ளை. அது நான்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் குளித்துவிட்டு வந்தார்கள். எந்தப் பிள்ளை எடுப்பது என்று பக்கிரிசாமி கேட்டபோது, "ரஞ்சிதம் புள்ளையே எடுக்கட்டும், பின்னால ஒரு பேச்சு வரக்கூடாது," என்றேன். ஞாயம்தான் என்றார்கள். கங்காணியார் பெருந்தன்மை என்றுகூட ஒருத்தி சொன்னாள். செல்லம் புதுப் பாவாடை கட்டியிருந்தாள். இரண்டையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். பக்கிரிசாமி பிரித்தான். சிவப்பு.

மேல் லயத்து ஆள்கள் சிலர் மூச்சு விட்டதை நான் கவனித்தேன். தங்கம்மாவின் புருஷனும் விட்டான். இரண்டு நாள் முன்னால் கையை வானத்துக்கு உயர்த்தியவர்கள்.

ரஞ்சிதம் சொன்னாள், "இன்னொன்னையும் பிரிங்க."

"என்ன பேச்சு பேசுற நீ?" என்றான் பக்கிரிசாமி. "அம்மா பொய் சொல்றாங்கிறியா?"

"அம்மா சொல்ல மாட்டா, பண்டாரம். கட்டினது மனுசக் கைதானே."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கோபப்படவில்லை. மற்றப் பொட்டலத்தைத் தட்டில் வைத்து, தட்டை அவர்களுக்கு முன்னால் நீட்டினேன். "தலைவி கேக்குறா. நான் மறைக்கல. நீங்கதான் எல்லாத்துக்கும் கை தூக்குறீங்களே, இதுக்கும் தூக்குங்க. பிரிக்கணும்கிறவங்க கை தூக்கட்டும்."

ரஞ்சிதம் தூக்கினாள். சுப்பன் கை தோள்வரை வந்தது. பக்கத்தில் இருந்தவன் முறைத்ததும் அந்தக் கையால் தலையைச் சொறிந்துகொண்டான். வேறு கை இல்லை. கீழ் லயத்துச் சனங்கள், அந்த மலைக்கு அடியில் படுக்கப் போகிறவர்கள், கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தட்டு என் கையில்தான் இருந்தது. ஒருவர் எட்டி எடுத்திருந்தால் போதும், நான் தடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் சிவசாமியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்கண்ணே. கேக்கறது தப்பில்லைன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க."

சிவசாமி குனிந்து தன் செருப்பைத் தேடினான். "விடும்மா. இது நம்பிக்கை விசயம். இதுல போய்க் கைய வெச்சா நாளைக்கு எந்தக் கூட்டத்துக்கும் சனம் வராது." அந்த ஆளைப் பார்க்க எனக்கு அன்று வந்த அருவருப்பு சுப்பனைப் பார்த்துக்கூட வந்ததில்லை.

"அப்ப பிள்ளைங்களை மட்டுமாவது மண்டபத்துல வெச்சிக்கலாம்," என்று கேட்டாள். என்னிடம்தான் கேட்டாள். குரல் இறங்கிப் போயிருந்தது.

"அம்மா கூடாதுன்னா எல்லாம்தான் கூடாது," என்றேன்.

தங்கம்மா மட்டும் அவளிடம் போய், "நீயும் புள்ளையும் எங்கூட வந்துருங்க, யாரு கேப்பா," என்றாள். அதற்கு ரஞ்சிதம், "எல்லாரையும் கீழ விட்டுட்டு எம்புள்ளைய மட்டும் தூக்கிட்டு வந்தா, அப்புறம் எதுக்கு என்னைத் தலைவின்னு வெச்சீங்க," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். அது திமிர். திமிர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை இன்று இருக்கும். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரத்தில் ஒருநாள், சாப்பாட்டுக்குப் பிறகு, மலை இறங்கியது. பெரிய சத்தம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஈரச் சாக்கை இழுத்துப் போடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். கொழுந்து பறிக்கும் பெண்கள் எதிர்ச் சரிவில் நின்றிருந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, தேயிலைச் செடிகள் வரிசை கலையாமல் அப்படியே நடந்து வருவதுபோல் வந்தனவாம். கீழ் லயத்தில் அந்த நேரத்தில் வேலைக்குப் போனவர்கள் இல்லை. ஆயாக் கொட்டகையில் அம்மாக்கண்ணுவும் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலைக்குப் போக முடியாமல் படுத்திருந்தவர்கள் இருந்தார்கள். மணியம்மா இருந்தாள்.

மண்வெட்டியோடு முதலில் இறங்கியது நான்தான். யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மண் எந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போயிருக்கும் என்று எனக்குத்தான் தெரியும், நான் காட்டிய இடத்தில்தான் தோண்டினார்கள். செல்லத்தைத் தூக்கி எடுத்ததும் நான்தான். முகத்தைத் துடைத்துத்தான் தாயிடம் கொடுத்தேன். ரஞ்சிதம் அழவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, கையை.

கருமாதி முடிந்து மண்டபத்தில் கூடினார்கள். சனங்கள் யாரைக் குறை சொல்வார்கள் என்று பார்க்க எனக்கு ஆவல் இருந்தது. மலையைச் சொல்வார்களா, துரையைச் சொல்வார்களா, அம்மனைச் சொல்வார்களா. பக்கிரிசாமி எழுந்து, மற்றப் பொட்டலத்தைப் பிரிக்கச் சொன்னவளால் வந்த வினை இது என்றான். அம்மா கோபித்துக்கொண்டாள் என்றான். தலைகள் ஆடின. பிள்ளையை இழந்தவர்களின் தலையும் ஆடியது. சுப்பன் எழுந்து, அந்தப் பொம்பளை வாயால் என் மணி போய்ட்டா என்று சொல்லி அழுதான். அவனுக்காகத்தானே அவள் என் வீட்டு அறையைக் கேட்டாள். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

அவளை நீக்கக் கை தூக்கினார்கள். அவளுடைய இடத்தில் என்னை வைக்கவும் தூக்கினார்கள். சிவசாமி அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்துக்கே வரவில்லை. ரஞ்சிதம் ஒரு லோரிக்காரனைக் கும்பிட்டுக் கேட்டு, தன் சாமானோடு போய்விட்டாள். நான் கண் மங்குகிற வரைக்கும் தலைவராக இருந்தேன். துரை புது லயம் கட்டிக் கொடுத்தார், மேட்டில். நல்ல லயம். ரிப்பன் வெட்டியது நான்தான்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பக்கிரிசாமி என்னிடம் வெள்ளை ஒன்றும் சிவப்பு ஒன்றும்தான் கொடுத்தான். இன்னொரு சிவப்புச் செவ்வந்தியை நான் பிரிஞ்சாங் சந்தையிலிருந்தே மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். திரைக்கு உள்ளே உட்கார்ந்து இரண்டு இலையிலும் சிவப்பை வைத்துக் கட்டினேன். அந்தப் பிள்ளை எதை எடுத்திருந்தாலும் ஒன்றுதான். மிஞ்சின வெள்ளைப் பூவை வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் போட்டேன், தின்றுவிட்டது. மலை இறங்கும் என்று தெரியுமா என்றால், தெரியும். என்றைக்கு என்றுதான் தெரியாது.

ஆனால் ஒன்றை நீங்கள் ஞாயமாகப் பார்க்க வேண்டும். பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று நான் ஊரைக் கேட்டேன். ஒளிக்கவில்லை, தட்டில் வைத்து நீட்டினேன், சிவசாமி சொல்லிக் கொடுத்த முறைப்படியே கை தூக்கச் சொன்னேன். ஒரு கைதான் எழுந்தது. ஓட்டு என்றால் எல்லாரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பார்கள் அல்லவா. நான் கட்டுப்பட்டேன்.